கல்யாண வீடியோவின் இரண்டு கறுப்புப் பட்டைகள்

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், படம் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் என் உத்தியோகம். படம் நானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. பிஷ்கெக்கின் எட்டாம் குடியிருப்பில் ஒன்பது மாடி, எழுபத்திரண்டு வீடு. இன்டர்நெட் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்த நாட்களில் லிஃப்ட் ஓடும் குழி வழியாகவே கேபிளை இறக்கி, மாடிக்கு மாடி பிரித்து, வீட்டுக்கு வீடு இழுத்தேன். அதிகாரிகள் யாராவது குழிக்குள் எட்டிப் பார்த்திருந்தால் என் வேலை போயிருக்கும். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் படங்களைப் போட்டு வைப்பேன், அவரவர் தங்கள் டிவியிலிருந்தே எடுத்துப் பார்ப்பார்கள்.

படம் மட்டுமா? கல்யாணம், காதுகுத்து, கொழுந்தன் பிறந்தநாள் என்று எதை எடுத்தாலும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அத்தை மூன்றாம் மாடியில், சித்தப்பா எட்டாம் மாடியில் என்று பாதிச் சொந்தம் ஒரே கட்டடத்தில் இருக்கும்போது ஆளுக்கொரு சிடி போட்டுக் கொடுப்பதைவிட இது சுலபம். யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் அழுதார்கள், யார் மரியாதைக்குக் கொடுக்கிற ஆட்டுத் தலையை வாங்க மறுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதெல்லாம் எழுபத்திரண்டு வீட்டுக்கும் தெரியும்.

சிக்கல் அகல டிவியால் வந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் வாங்கினார்கள். பழைய படங்களும், இந்த ஊர் ஸ்டுடியோக்காரர்கள் பழைய கேமராவில் எடுக்கிற கல்யாண வீடியோக்களும் பழைய டிவி அளவுக்கு, ஏறக்குறைய சதுரமாக இருப்பவை. அகலத் திரையில் அதை ஒழுங்காகக் காட்டினால் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் கறுப்பாக, சும்மா கிடக்கும். கிடந்தால் என்ன? ஆனால் எங்கள் ஆட்களுக்கு அது பொறுக்காது. "குபாத், முழு டிவிதானே வாங்கினேன்? ரெண்டு பக்கமும் ஏன் காலியா கெடக்கு?" என்று லிஃப்டுக்குள் வைத்து என்னைப் பிடித்துக்கொள்வார்கள். நானும் விளக்கு விளக்கென்று விளக்கினேன். சுவரோடு பேசியிருக்கலாம்.

கடைசியில் வந்தவர் ஐந்தாம் மாடி அனார்கான் எஜே, எங்கள் பேச்சில் எஜே என்றால் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டிலேயே இரண்டு தையல் மெஷின் வைத்து மாஸ்கோ சந்தைக்குச் சட்டை தைத்து அனுப்புகிறவர். கழுத்தில் எப்போதும் ஒரு அளவு டேப் தொங்கும், கல்யாணத்துக்குப் போனாலும் தொங்கும். புருஷன் இல்லை, ஒரே மகன் ஏர்கின். அவனுக்குத் தோக்மோக் ஊரிலிருந்து கனிஷாய் என்ற பெண்ணை எடுத்தார். செப்டம்பர் முதல் வாரம் கல்யாணம். ஒரு வாரத்தில் வீடியோ வந்தது, நான் போட்டு வைத்தேன். அன்று சாயங்காலமே கதவைத் தட்டினார்.

"ஏம்ப்பா, செத்தவங்க போட்டோவுக்குத்தான் மூலைல கறுப்பு ரிப்பன் கட்டுவோம். என் மகன் கல்யாணத்துக்கு ரெண்டு பக்கமும் கறுப்பு கட்டி வெச்சிருக்கியே, நல்லா இருக்கா இது?"

"எஜே, அது கறுப்பு இல்ல. வெறும் எடம்."

"வெறும் எடம்னா நெரப்பு. கல்யாண வீட்ல காலி எடம் வெப்பாங்களா?"

எனக்கும் அலுத்துவிட்டது. ஆளாளுக்கு வந்து அரற்றுகிறார்களே என்று, கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். அதன் பிறகு என் வீட்டிலிருந்து போகிற எந்தப் படமும், சதுரமோ நீளமோ, திரை முழுக்க இழுத்து விரிக்கப்பட்டுப் போகும். முகங்கள் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலமாகும். எல்லோருக்கும் திருப்தி. அனார்கான் எஜே மறுநாள் படியில் பார்த்து என் தோளில் தட்டினார்.

"இப்பப் பாரு, கல்யாணம் மாதிரி இருக்கு. சம்பந்தி வீட்டு மூஞ்சியெல்லாம் எப்படி நெறஞ்சிருக்கு! மருமக கூட நல்லா பூசினாப்ல இருக்கா."

பூசினாப்ல. அந்த வார்த்தையை அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது அது புகழ்ச்சி.

ஒரு மாதம் கழித்து ஏர்கின் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். கனிஷாய் மாமியாரோடு மெஷினில் உட்கார்ந்தாள். காலர் தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று எஜே கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஏப்ரலில், நாள் ஆகுமுன்பே அவளுக்கு வலி எடுத்துவிட்டது. ஏழே மாதம். ஆண் குழந்தை, இரண்டு கிலோகூட இல்லை. மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். எஜே தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வாசலில் உட்கார்ந்திருப்பார். பிழைத்து வீட்டுக்கு வந்தபோது லிஃப்ட் வேலை செய்யவில்லை. நானும் எஜேயும் மாறி மாறி அந்தத் துணி மூட்டையை ஐந்து மாடி தூக்கிப் போனோம். எடையே தெரியவில்லை.

நாற்பது நாள் முடிந்து, நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டித் தொட்டிலில் போடுகிற விருந்து மே மாதக் கடைசியில் நடந்தது. அங்கேதான் எல்லாம் கெட்டது.

நல்ல கூட்டம். கறி வெந்துகொண்டிருந்தது. பெண்கள் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தலைமாட்டில் சோனுன் எஜே, ஏர்கினின் அத்தை. அண்ணன் செத்த வீட்டில் ஆண் இல்லாத குறையை நான் தீர்க்கிறேன் என்று இருபது வருடமாக அதிகாரம் செய்கிறவர். கறி வேகும்வரை கல்யாண வீடியோவைப் போடச் சொன்னார்கள். டிவியோடு மல்லுக்கட்ட என்னைக் கூப்பிட்டார்கள். ரிமோட் என் கையில் இருந்தது.

மருமகள் வாசலில் நின்று குனிந்து வணங்கும் இடம் வந்தது. வெள்ளைத் துணி முக்காடு, தொளதொளவென்ற கவுன், பக்கவாட்டில் நிற்கிறாள், இரண்டு கையையும் வயிற்றின்மேல் கட்டிக்கொண்டு மூன்று முறை குனிகிறாள்.

"நிறுத்து," என்றார் சோனுன் எஜே.

நிறுத்தினேன். ஏன் நிறுத்தினேன் என்று இன்றுவரை என்னைக் கேட்டுக்கொள்கிறேன். கறி வெந்துவிட்டது என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். திரையில் கனிஷாய் பாதி குனிந்தபடி நின்றாள். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது.

"கல்யாணம் செப்டம்பர். புள்ள ஏப்ரல்," சோனுன் எஜே நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அப்ப இந்த வயித்துக்குள்ள இருக்கறது என்ன, சம்சாவா?"

ஒருத்தி சிரித்தாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். "குழந்தை கண்ணாடிப் பெட்டியில இருந்துச்சே, எஜே. டாக்டர் எழுதிக் கொடுத்த பேப்பர் இருக்கே," என்றாள் இன்னொருத்தி.

"பேப்பர் கெடைக்காத ஊரா இது? கண்ணு பொய் சொல்லுமா? நீங்களே பாருங்க."

பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மறைக்காமல் சொல்கிறேன். என் வலது கைக் கட்டைவிரல் தானாக விரல் கணுக்களில் ஏறி இறங்கியது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று ஏப்ரல் வரை ஏழு கணு. அந்த வயிற்றையும் பார்த்தேன். ஆமாம், கணக்கு இடிக்கிறதே என்று நினைத்தேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனால் நினைத்தேன்.

கனிஷாய் தேநீர்க் கெண்டியோடு வாசற்படியில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

"குபாத், டிவிய அணை," என்றார் அனார்கான் எஜே. குரல் அவருடையதாகவே இல்லை.

நான்காம் நாள் நான் லிஃப்டுக்குள் பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் மாடியில் கதவு திறந்தது. கனிஷாய் ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பையோடு ஏறினாள். "கீழ, பைக்கே," என்றாள், அண்ணா என்று கூப்பிடுகிற மாதிரி. நான் பொத்தானை அமுக்கினேன். புது பல்பின் வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்தது. காதில் இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது. கம்மல் இல்லை.

பெண் பார்த்து முடிவான அன்று மாமியார் தன் கையால் பெண்ணின் காதில் கம்மல் போட்டுவிட்டால், அவள் இந்த வீட்டுப் பெண் என்று அர்த்தம். அதைக் கழற்றி வாங்கிக்கொண்டால் என்ன அர்த்தம் என்று எங்களில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் மாடி, மூன்றாம் மாடி. அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "கல்யாணத்தன்னைக்கு நான் அப்படி இல்ல, பைக்கே."

நான் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். தரைத்தளம் வந்தது. பையைக்கூட வாங்கி வெளியே வைக்கத் தோன்றவில்லை எனக்கு.

கட்டடத்தில் சொன்ன கதை வேறு. உடம்பு தேறட்டும் என்று அம்மா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். மாஸ்கோவிலிருந்து ஏர்கின் போனில், "சரிம்மா, நீங்க எது சொன்னாலும் சரி," என்றானாம். ஒன்பது மாடியிலும் அந்த வீடியோவை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார்கள். யார் எந்தப் படத்தை எடுக்கிறார்கள் என்பது என் கம்ப்யூட்டரில் தெரியும். ஒரே வாரத்தில் நாற்பத்தொரு வீடு. குனிகிற இடத்துக்கு வந்து நிறுத்தி, பின்னால் போய், திரும்ப ஓட்டுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மனைவி சினாராவும் அதைப் போட்டாள். நான் சத்தம் போட்டேன்.

"உனக்குமா அந்த வயித்தப் பாக்கணும்?"

"எனக்கு எதுக்கு அந்த வயிறு? என் பச்ச கவுன் எப்படி இருந்துச்சுன்னு பாக்கறேன். அடுத்த வாரம் அதத்தான் போடணும்." கொஞ்ச நேரம் பார்த்தாள். முகம் சுருங்கியது. "மெக்கானிக்கு, இங்க வா. நான் இவ்ளோ பெரிய ட்ரம்மா? உன் தொப்பி என்ன தோசக்கல்லு மாதிரி விரிஞ்சிருக்கு? அந்தப் பொண்ணு மாசமா இருந்தான்னா, நானும் மாசமாத்தான் இருந்திருக்கேன். நீயும்தான்."

என் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது. அந்த டிக்! எட்டு மாதமாக ஒவ்வொரு பழைய படமும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. எட்டு மாதமாக எங்கள் கட்டடத்தில் ஒல்லியான நடிகனே கிடையாது. கண் பழகிப்போய்விட்டது. முன்னால் நின்று பார்த்தால் அகல முகம், பக்கவாட்டில் நின்றால் தள்ளிய வயிறு. தொழில் தெரிந்த நானே அந்தத் திரையைப் பார்த்து விரல் விட்டு எண்ணியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சினாராவிடம் சொன்னேன். அவள் டிவியை அணைத்துவிட்டு, "போ. இப்பவே போய்ச் சொல்லு. அந்தப் பொண்ணு இன்னொரு நாள் அங்க இருந்தா அது உன் பாவம்," என்றாள்.

நான் உடனே போகவில்லை. சரிசெய்துவிட்டுக் கையோடு காட்டலாம் என்று நினைத்தேன். டிக்கை எடுத்தேன். கல்யாண வீடியோவைத் தனியாக எடுத்து, நிஜ அளவை அதில் அழுத்தமாக எழுதி வைத்தேன், எந்த டிவியும் இனி அதை இழுக்க முடியாதபடி. ஓட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கறுப்பு வந்தது. நடுவில் கனிஷாய் குனிந்தாள். கொடி மாதிரி இருந்தாள். வயிறு என்று ஒன்று இல்லவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஐந்தாம் மாடிக்குப் போனால் சோனுன் எஜே ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பரவாயில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்லிவிடலாம் என்று வீடியோவைப் போட்டேன். அதே இடத்தில் நிறுத்தினேன்.

"பாருங்க. இதுதான் நெஜம். முன்னாடி பாத்தது, நான் படத்த அகலமா இழுத்து விட்டது. தப்பு என்னோடது."

அனார்கான் எஜே திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சோனுன் எஜே கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"போன வாரம் குண்டா இருந்தா. இந்த வாரம் ஒல்லியாயிட்டா. கம்ப்யூட்டர்ல கல்யாணப் பொண்ண எளைக்க வெக்கக்கூடத் தெரியுமா உனக்கு? பொண்ணு வீட்டுக்காரங்க என்ன கொடுத்தாங்க, ஆடா, கெடாரியா?"

"எஜே, நான் யார்கிட்டயும் ஒண்ணும் வாங்கல..."

"ரெண்டு பக்கமும் கறுப்ப ஒட்டி அமுக்கியிருக்கான் பாரு. அந்தக் கறுப்புக்குப் பின்னால என்ன மறைச்சிருக்கியோ."

இப்படி ஒரு பதில் வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சரிசெய்ததே பொய்யாகிவிட்டது. அடுத்த இரண்டு நாளில் லிஃப்டில் ஏறியவர்கள் எல்லாம் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்கள். "குபாத் பைக்கே, என் பொண்டாட்டியையும் கொஞ்சம் எளைக்க வெச்சுக் கொடுங்களேன்," என்றான் ஏழாம் மாடிக்காரன். அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். சினாராதான் வந்து விலக்கினாள்.

மூன்றாம் நாள் மறுபடி போனேன். இந்த முறை ரொட்டியைக் காட்டினேன். விரிப்பின்மேல் அடுக்கியிருந்த தந்தூர் ரொட்டி வட்டமாக இருக்க வேண்டும், இழுத்த படத்தில் நீளமாக இருக்கிறது, பாருங்கள் என்றேன். பழைய மாதிரியும் புதிய மாதிரியும் மாற்றி மாற்றிப் போட்டேன்.

"அது ஓஷ் ஊர்ப் பக்கத்து ரொட்டி," என்றார் சோனுன் எஜே. "அப்படித்தான் இருக்கும்."

அவரிடம் நான் என்ன பேச? எழுந்துவிட்டேன். டிவியை அணைக்கப் போனபோது படம் தானாக ஓடி வேறொரு இடத்துக்கு வந்திருந்தது. எங்கள் ஊர் வீடியோக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெண்ணின் காதை ஒரு நிமிஷம் திரை முழுக்கக் காட்டுவார்கள், மாப்பிள்ளை வீடு என்ன போட்டிருக்கிறது என்று ஊர் பார்க்க வேண்டும் அல்லவா? கனிஷாயின் காது வந்தது. அதில் தொங்கிய வளையம் வந்தது. அகலமாக, நசுங்கின வளையம். படத்தை அங்கேயே நிறுத்தினேன்.

"எஜே," என்றேன் அனார்கான் எஜேயிடம். "இந்தக் கம்மல் வட்டமா, முட்டையா?"

அவர் நெடுநேரம் திரையையே பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு கைக்குட்டை முடிச்சோடு வந்தார். அவிழ்த்தார். மருமகளின் காதிலிருந்து கழற்றிய கம்மல் இரண்டும் அதில் இருந்தன.

கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார். முதலில் கம்மலை அளந்தார். குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று. பிறகு டிவியிடம் போய் டேப்பைத் திரையில் வைத்தார். குறுக்கே பன்னிரண்டு. நெடுக்கே ஒன்பது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளந்தார். "மாத்து," என்றார். நான் சரியான மாதிரியைப் போட்டேன், இரண்டு பக்கமும் கறுப்பு வந்தது. குறுக்கே ஒன்பது. நெடுக்கே ஒன்பது.

"நானே கடைக்குப் போய் வாங்கினேன்," என்றார். "வட்டம். நானே என் கையால அவ காதுல போட்டேன். வட்டம்."

"கம்மல் சங்கதி வேற, வயித்துச் சங்கதி வேற..." என்று ஆரம்பித்த சோனுன் எஜே, பாதியில் நிறுத்தினார். நிறுத்தியிருந்த படம் மறுபடி ஓடி, திரையில் அடுத்த காட்சி வந்திருந்தது. தலைமாட்டில் அவரே உட்கார்ந்திருந்தார், நிஜ அளவில். கொஞ்ச நேரம் தன்னைத்தானே பார்த்தார். "நானும் அப்பவே நெனச்சேன்," என்றார் மெதுவாக. "நான் அவ்ளோ பெருசு இல்லையேன்னு." தேநீரை முடிக்காமலே சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கதவு சாத்தியதும் அனார்கான் எஜே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் கறுப்ப எடுக்கச் சொன்னது நான்தானே, குபாத்?"

"டிக் போட்டது நான், எஜே," என்றேன்.

ஏர்கினுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. பின்னால் ஏதோ மெஷின் ஓடும் இரைச்சல். எல்லாவற்றையும் சொன்னார். "அப்படியாம்மா? சரி, அப்பக் கூட்டிட்டு வந்துடுங்க," என்றான் அவன். போனில் வந்த குரலில் ஒரு சந்தோஷமும் இல்லை, ஒரு வெட்கமும் இல்லை. அவளை அனுப்புகிறேன் என்று அம்மா சொன்னபோதும் இப்படித்தான் சொல்லியிருப்பான் என்று தோன்றியது.

மறுநாள் காலையே மினி பஸ்ஸில் தோக்மோக் போனோம். என்னையும் வரச் சொன்னார் எஜே, எனக்குத்தான் விளக்கத் தெரியும் என்று. கம்மலைப் புது டப்பாவில் வைத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு அவரே தைத்த இரண்டு சட்டையும் கூட இருந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். தொட்டிலை ஜன்னலிலிருந்து நகர்த்த வேண்டும், காற்று அடிக்கிறது, காலர் மெஷினுக்கு எண்ணெய் விட வேண்டும் என்றெல்லாம். எனக்கும் மனசு லேசாக இருந்தது. அவள் சிரிப்பாள் என்றுகூட நினைத்தேன்.

கனிஷாயின் அம்மா கதவைத் திறந்தார். வாங்க என்றார், விரிப்பு போட்டார், தேநீர் ஊற்றினார். முறையில் ஒரு குறை வைக்கவில்லை, முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. கனிஷாய் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். குழந்தை கொஞ்சம் தேறியிருந்தது. காதில் ஓட்டைகள் அப்படியே இருந்தன, எங்கள் கண்ணுக்குத் தெரியட்டும் என்பது போல் முடியைப் பின்னால் தள்ளிக் கட்டியிருந்தாள்.

எஜே டப்பாவைத் திறந்து விரிப்பின்மேல் வைத்தார். "அந்த டிவி நம்மள ஏமாத்திடுச்சும்மா. அளந்து பாத்துட்டேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல. கெளம்பு, வீட்டுக்குப் போவோம்."

கனிஷாய் டப்பாவைப் பார்த்தாள். தொடவில்லை.

"டிவியா என் காதுலேருந்து கம்மலக் கழட்டுச்சு?"

எஜே டப்பாவை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார்.

"எட்டு மாசம் பக்கத்து மெஷின்ல உக்காந்து தைச்சேன். ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு பேரும் ஒரே ரொட்டியப் பிச்சுத் தின்னோம். நான் சொன்னேன், அப்படி இல்லன்னு. நான் சொன்னத அளக்க உங்ககிட்ட டேப் இல்ல. கம்மல அளந்தீங்க, வந்தீங்க. அந்த ஸ்டுடியோக்காரன் காதக் காட்டாம விட்டிருந்தா?"

நான் இடையில் நுழைந்தேன். "கனிஷாய், எல்லாத் தப்பும் என்னோடதும்மா. நான்தான் படத்த இழுத்து விட்டேன். எஜே மேல கோவப்படாத."

அவள் என் பக்கம் திரும்பினாள். கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"படத்த இழுத்தீங்க. அது தெரியாம நடந்தது, பைக்கே. நான் அன்னைக்குக் கெண்டியோட வாசப்படியில நின்னேன். எல்லாரும் திரையப் பாத்தாங்க. நான் உங்களத்தான் பாத்தேன். உங்களுக்கு இதெல்லாம் தெரியும், நீங்க ஏதாவது சொல்லுவீங்கன்னு. நீங்க விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருந்தீங்க."

குழந்தை சிணுங்கியது. அவள் அதைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

"ஏர்கின் வரட்டும்," என்றாள் எஜேயிடம், தணிந்த குரலில். "போன்ல இல்ல. நேர்ல. அவர் வாயால என்னக் கேக்கட்டும், நான் சொல்றத நம்பறேன்னு சொல்லட்டும். அப்புறம் யோசிக்கறேன். சட்டைய மட்டும் கொடுங்க. நல்லா தைச்சிருக்கீங்க."

எஜே இரண்டு சட்டையையும் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, தையலைத் திருப்பிப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டாள். எஜே குழந்தையின் காலை ஒருமுறை தொட்டார். அதற்கு அவள் தடை சொல்லவில்லை.

கிளம்பும்போது, வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று கனிஷாயின் அம்மா ஒரு பையில் பொரித்த மாவு உருண்டையும் உலர்ந்த திராட்சையும் கட்டிக் கொடுத்தார். எஜே அதை மினி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் திறந்தார். விரிப்பின்மேல் விட்டு வந்த கம்மல் டப்பா மேலாக இருந்தது.

திரும்பி வரும் வழியில் அவர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, சுருட்டி, பையில் போட்டுக்கொண்டார். அவர் கழுத்தை வெறுமையாக நான் பார்த்தது அன்றுதான். ஜன்னலுக்கு வெளியே பீட்ரூட் வயல்கள் போய்க்கொண்டிருந்தன. ஏர்கினுக்கு வேலை அக்டோபரில்தான் முடியும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். என் கட்டைவிரல் ஐந்தாவது கணுவில் வந்து நின்றபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கவனித்தேன். எஜேயும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.